மாத்திரை பாதி, துவரம்பருப்பு பாதி

அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில், வீட்டு வசதி வாரியக் குடியிருப்பையொட்டி, தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலைச் சேர்ந்த இந்த இடம் ஆஸ்பத்திரி அல்ல. இங்கே நடப்பது கணக்கு. எந்த நோய் யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது, வந்தவர்களில் பிழைத்தவர் யார், பிழைக்காதவர் யார் என்ற கணக்கு. ஆவடியில் முன்பு இயங்கிவந்த குஷ்டரோக ஆராய்ச்சிப் பிரிவையும், மருத்துவப் புள்ளிவிவர ஆராய்ச்சி நிறுவனத்தையும் ஒன்றாக்கி 1999-ல் அமைத்தது இது.

இங்கே போட்ட கணக்கு ஒன்றிலிருந்து பிறந்ததுதான் 2022 ஏப்ரலில் தமிழக சர்க்கார் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்'. அதன் சாரம் மிகவும் எளியது. ஒருவருக்கு க்ஷயரோகம் என்று தெரிந்தவுடன், மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடாமல், சுகாதார ஊழியர் சில விஷயங்களைப் பார்க்கிறார். எடை என்ன, உயரம் என்ன? இரண்டு கால்களிலும் வீக்கம் உண்டா? நிமிஷத்துக்கு 24 தடவைக்கு மேல் மூச்சு வாங்குகிறதா? விரலில் மாட்டும் சிறு கருவி, ரத்தத்தில் பிராணவாயு நூற்றுக்கு 94-க்குக் கீழே என்று காட்டுகிறதா? பிடிமானமில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா? இவற்றில் ஏதேனும் ஒன்று எல்லை மீறியிருந்தால் அவரை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். பெரிய இயந்திரம் ஏதும் வேண்டாம். தராசும், உயரம் பார்க்கும் கோலும், கைக்கடிகாரமும், அந்த விரல் கருவியும் போதும்.

நோய் இருப்பது நுரையீரலில். தராசு எதற்கு என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்கு விடை சொல்லப் போனால், உடலுக்குள்ளே புரதம் எப்படி உற்பத்தியாகிறது, அந்த உற்பத்தி எங்கே தடுமாறுகிறது என்ற விஷயத்துக்குள் போய்த்தான் வர வேண்டும்.

ஊர் வைத்த பெயர்

வைத்தியர்கள் 'டியூபர்குலோஸிஸ்' என்று சொன்ன நோய்க்குத் தமிழ்நாட்டில் மூன்று பெயர்கள் உண்டு. இருமலைப் பார்த்தவர்கள் காசம் என்றார்கள். தேய்ந்து போவதைப் பார்த்தவர்கள் க்ஷயம் என்றார்கள். பாமர ஜனங்களோ எலும்புருக்கி என்று பெயர் வைத்தார்கள். மூன்றில் நெருங்கி வந்த பெயர் கடைசிப் பெயர்தான் எனலாம். உண்மையில் உருகுவது எலும்பல்ல, அதன்மீது படிந்திருக்கும் தசை. தசை போனபின் எலும்பு தெரிகிறது. தசை என்பது என்ன? நீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் புரதம்.

புரதம் என்றதும் முட்டையும் பருப்பும்தான் நினைவுக்கு வரும். ஆனால் உடலுக்குள் புரதம் என்பது சாப்பாட்டுச் சரக்கு மட்டுமல்ல. பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் புரதம். சர்க்கரையை அடக்கும் இன்சுலின் புரதம். கிருமியை எதிர்க்கும் ஆயுதங்களில் பெரும்பாலானவை புரதம். ரத்தக் குழாயில் நீரைப் பிடித்து வைத்திருக்கும் ஆல்புமின் என்பதும் புரதமே. கல்லீரல் அதைப் போதுமான அளவு செய்யாமற் போனால் நீர் வெளியே கசிந்து கால் வீங்கும். சுகாதார ஊழியர் கணுக்காலை விரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்ப்பதன் பொருள் இப்போது விளங்கும். அவர் பார்ப்பது காலை அல்ல, கல்லீரலின் புரத உற்பத்தியை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பழகியவர்களுக்கு இந்த உற்பத்தி முறையைச் சொல்லிப் புரிய வைப்பது சிரமமல்ல. ஒரு பட்டறையில் மூல வரைபடம் ஆபீஸ் அலமாரியில் பூட்டியிருக்கும். அதை யாரும் லேத் மிஷின் பக்கம் கொண்டு போவதில்லை. நகல் எடுத்துத்தான் அனுப்புவார்கள். தொழிலாளி நகலைப் பார்த்து, இருப்பிலுள்ள உருப்படிகளை அதில் கண்ட வரிசைப்படி கோத்துச் சாமானைச் செய்வார். உயிரணுவிலும் அதே ஏற்பாடுதான். மூல வரைபடம் டி.என்.ஏ. அதன் நகல் ஆர்.என்.ஏ. கோக்கும் இயந்திரத்துக்கு ரிபோசோம் என்று பெயர். கோக்கப்படும் உருப்படிகள் இருபது வகை அமினோ அமிலங்கள். இருபதில் ஒன்று இருப்பில் இல்லை என்றால் வேலை அந்த இடத்தில் நின்றுவிடும். மற்றப் பத்தொன்பதும் குவிந்து கிடந்தும் பயன் இல்லை.

இங்கேதான் சோறும் பருப்பும் வருகின்றன. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய இருக்கிறது. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டையும் கலந்து உண்டால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது. இட்டலியும் பொங்கலும் பருப்புச் சாதமும் கண்டுபிடித்த பாட்டிமார்களுக்கு ரசாயனம் தெரியாது. ஆனாலும் கணக்கில் பிசகு செய்யவில்லை.

கிருமியின் பட்டறை

க்ஷயக் கிருமிக்கும் இதே போன்ற பட்டறை உண்டு. அதனிடம் ஏறத்தாழ 4,000 ஜீன்கள் இருக்கின்றன என்பது 1998-ல் தெரிந்தது. மற்றக் கிருமிகள் சில, இருபது நிமிஷத்தில் இரண்டாகும். இதுவோ இரண்டாக ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். அவசரப்படாத எதிரி. அதனால்தான் சிகிச்சையும் மாதக் கணக்கில் நீள்கிறது.

1943-ல் அமெரிக்காவில் வாக்ஸ்மன் என்பவரின் ஆராய்ச்சிச் சாலையில் ஷாட்ஸ் என்ற மாணவர் மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். க்ஷயத்துக்குக் கிடைத்த முதல் நல்ல மருந்து அது. கிருமி சாகிறது என்று தெரிந்ததே தவிர, எப்படிச் சாகிறது என்பதைக் கண்ணால் பார்ப்பதுபோல் பார்க்க அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. பார்த்தவர்களில் ஒருவர் 1952-ல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். ரிபோசோமின் சிறிய பாதியின் அமைப்பை அவரது குழுவினர் 2000-ல் அணு அணுவாக வெளியிட்டார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் அதற்குள் எந்த மூலையில் போய் ஒட்டிக்கொள்கிறது என்பதும் அப்போது தெளிவாயிற்று. ஒட்டிக்கொண்ட மருந்து இயந்திரத்தை நிறுத்துவதில்லை. நகலைத் தப்பாகப் படிக்க வைக்கிறது. தப்பாகக் கோத்த புரதங்கள் கிருமிக்கே வினையாகின்றன. இந்த ஆராய்ச்சிக்காக அவருக்கும் இன்னும் இருவருக்கும் 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்று க்ஷயத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் முக்கியமானது ரிபாம்பிசின். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவதைக் கண்டு புது நோயாளிகள் பயப்படுவார்களே, அதே மாத்திரைதான். இது நகல் எடுக்கும் இயந்திரத்தையே பிடித்து நிறுத்துகிறது. நகல் இல்லையேல் புரதம் இல்லை. புரதம் இல்லையேல் கிருமி இல்லை. மற்ற மாத்திரைகள் வேறு வழிகளில் வேலை செய்கின்றன. ஐசோனியாஸிட், கிருமியின் மேலே மெழுகுபோல் படிந்த சுவரைக் கட்டவிடாமல் செய்கிறது.

ஆனால் எதிரியும் சும்மா இருப்பதில்லை. நகல் இயந்திரமும் ஒரு புரதம்தான். அதற்கு உரிய ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும். ஸெரின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் லூஸின் வந்து உட்காரும். இயந்திரம் வழக்கம்போல் ஓடும். மருந்து மட்டும் ஒட்டாது. உலகெங்கும் ரிபாம்பிசினுக்கு மசியாத க்ஷயக் கிருமிகளில் அதிகம் காணப்படும் மாற்றம் இதுவே. பாதியில் மருந்தை நிறுத்தியவர் உடலில் இப்படிப்பட்ட கிருமி பிழைத்துப் பெருகுகிறது. சளியை ஒரு சிறு பெட்டியில் வைத்து ஓரிரண்டு மணி நேரத்தில் முடிவு சொல்லும் பரிசோதனைகள் தேடுவது, கிருமி இருக்கிறதா என்பதோடு, அந்த எழுத்துப் பிழையும் இருக்கிறதா என்பதைத்தான். 'ட்ரூநாட்' என்ற அந்தப் பெட்டி கோவாவில் தயாராவது.

எழுத்துப் பிழை கண்டவர்களுக்கு முன்பெல்லாம் இருபது மாதம் வரை சிகிச்சை. ஊசிகள் வேறு. 2024 செப்டம்பரில் மத்திய சர்க்கார் அனுமதித்த புது முறையில் நான்கு மருந்துகள், ஆறே மாதம். அவற்றில் ஒன்று லைனசோலிட். இதுவும் கிருமியின் ரிபோசோமைப் பிடிப்பது. ஒரு சங்கடம் உண்டு. மனித உயிரணுக்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற சக்தி நிலையங்கள் இருக்கின்றன. அவை வெகு காலத்துக்கு முன் நுண்ணுயிர்களாக இருந்து, உயிரணுவுக்குள் குடிபுகுந்து தங்கிவிட்டவை. ஆகவே அவற்றின் ரிபோசோம்கள் கிருமியுடையவற்றின் ஜாடையில் இருக்கும். லைனசோலிட் நாளாவட்டத்தில் அவற்றையும் தொடுகிறது. ரத்தசோகையும், பாதம் மரத்துப் போவதும், எரிச்சலும் வருவது அதனாலேயே. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியால் சிலருக்குக் காது செவிடாவதற்கும் இப்படிப்பட்ட காரணம் ஒன்று உண்டு. தாய்வழியாக வரும் மைட்டோகாண்ட்ரிய ஜீனில் ஓர் எழுத்து மாறியிருக்கும் குடும்பங்களில் அந்த ஆபத்து மிகுதி. கிருமியின் பட்டறையை மூடப் போன மருந்து, ஜாடை ஒத்துப்போனதால் வீட்டுக்காரர் பட்டறைக்கும் பூட்டுப் போட்டுவிடுகிறது.

உள்ளே நடக்கும் போர்

மருந்து கிருமியின் புரத உற்பத்தியைப் பார்த்துக்கொள்கிறது. நோயாளியின் புரத உற்பத்தியை யார் பார்த்துக்கொள்வது?

இந்தியாவில் 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய க்ஷயரோகக் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 31 பேரின் உடலில் க்ஷயக் கிருமி புகுந்ததற்கு அடையாளம் இருக்கிறது. இந்த 31 பேரில் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுவதும் நோய் வருவதில்லை. கிருமியைச் சுற்றி வெள்ளையணுக்கள் அரண் கட்டிச் சிறை வைத்துவிடுகின்றன. அந்த அரணைக் கட்டிக் காக்கும் புரதங்களில் ஒன்று டி.என்.எஃப். என்பது. அதன் அவசியம் 2001-ல் ஒரு விசித்திரமான வழியில் வெளிப்பட்டது. மூட்டுவாத நோயாளிகளுக்கு டி.என்.எஃப்.ஐ அடக்கும் புதிய மருந்து ஒன்று கொடுக்கப்பட்டது. மூட்டு வலி குறைந்தது. ஆனால் அவர்களில் சிலருக்கு, வருஷக்கணக்கில் உறங்கிக் கிடந்த க்ஷயம் விழித்துக்கொண்டது. காவலாளியை அனுப்பிவிட்டதும் கைதி வெளியே வந்துவிட்டான்.

அதே புரதத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 1985 வாக்கில் விஞ்ஞானிகள் அதற்குக் 'கேகெக்டின்' என்ற பெயரும் வைத்திருந்தார்கள். உடலை உருக்குவது என்று அதற்குப் பொருள். அளவு மீறினால் பசியைக் கெடுத்து, தசைப் புரதத்தைக் கரைக்கிறது. போர் நடக்கும்போது படைக்குத் தீனி வேண்டும். வெளியிலிருந்து வரத்து இல்லாவிட்டால் உடல் தன் சொந்தத் தசையை உடைத்து அமினோ அமிலங்களை எடுத்துக் கொடுக்கிறது. வீட்டுத் தூணைப் பிளந்து அடுப்பெரிப்பது போன்ற காரியம். மார்புத் தசையும் இடைத்திரைத் தசையும் கரைந்த பின் மூச்சு விடுவதே உழைப்பாகிவிடுகிறது. சுகாதார ஊழியர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூச்சை எண்ணுவது இதற்காகவும்தான்.

தொழிற்பேட்டையில் நின்றபடி வேலை செய்யும் ஐந்தரை அடி உயரத் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் குறைந்தது 52 கிலோவாவது இருக்க வேண்டும். இருமலைச் சாதாரண இருமல் என்று எண்ணி, நாள் கூலி போய்விடுமே என்று இரண்டு மூன்று மாதம் ஓட்டிவிட்டு, முடியாமற் போனபின் வந்து தராசில் ஏறும்போது 39 கிலோ. அயப்பாக்கத்துக் கணக்குப்படி உயிருக்கு ஆபத்தான எல்லை இதுவே. கால் வீக்கமும் சேர்ந்திருந்தால் 44 கிலோவே ஆபத்து. க்ஷயத்தால் சாகிறவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் சாகிறார்கள். மருந்து வேலை செய்யாமலா? இல்லை. மருந்து தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். அது கிருமியை ஒழித்து முடிக்கும்வரை தாக்குப்பிடிக்க உடலில் இருப்பு இல்லை.

2025-ல் இந்தத் திட்டத்தோடு ஒரு கணிப்பு முறையும் சேர்க்கப்பட்டது. 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரை தமிழ்நாட்டில் நோய் கண்ட ஏறத்தாழ 56,000 பேரின் விவரங்களை வைத்து அயப்பாக்கத்தில் தயாரித்தது. தராசு, கடிகாரம் இவற்றின் எண்களைப் போட்டால், இந்த நோயாளி இறக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று அது சொல்லிவிடும். கடுமையான நிலையில் வந்தவர்களுக்கு 10 முதல் 50 வரை; மற்றவர்களுக்கு 1 முதல் 4 வரை. ஒரே நோய், ஒரே கிருமி, ஒரே மாத்திரை. வித்தியாசம் இவ்வளவு!

சென்னை சொன்னதும் உலகம் கேட்டதும்

இவ்வளவு தெளிவான விஷயம் வைத்தியத் திட்டங்களில் வெகு காலம் பின்தள்ளப்பட்டிருந்தது ஏன்? அதற்குச் சென்னையிலேயே ஒரு கதை இருக்கிறது.

டி.பி. என்றால் தெருவே நடுங்கிய காலம் அது. பணம் படைத்தவர்கள் சானடோரியத்துக்குப் போவார்கள். நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை. தாம்பரத்தில் 1928-ல் தொடங்கிய சானடோரியத்தின் பெயர் இன்றும் ரயில்வே ஸ்டேஷன் பலகையில் இருக்கிறது. ஏழைகளுக்குப் படுக்கை கிடைப்பது குதிரைக் கொம்பு. 1956-ல் உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், இந்தியக் கவுன்சில், சென்னை சர்க்கார் எல்லாம் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு நிலையம் அமைத்தன. சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்தில் வைத்தும், மறுபாதியை வீட்டிலேயே விட்டும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வெளிவந்தது. நெரிசலான வீடு, அரைவயிற்றுச் சாப்பாடு, வேலைக்கும் போய்வந்தவர்கள். ஆனாலும் சளியில் கிருமி ஒழிந்த கணக்கில் அவர்கள் சானடோரியக்காரர்களுக்கு அநேகமாகச் சமமாக நின்றார்கள். உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னைப் பரிசோதனை பெரிய காரணம். கோடிக்கணக்கான ஏழைகள் வீட்டிலிருந்தே குணமடைய வழி திறந்தது. அதன் பெருமையை எவரும் குறைத்துவிட முடியாது.

ஆனால் சென்னை சொன்னது ஒன்று, உலகம் காதில் வாங்கிக்கொண்டது இன்னொன்று. 'நல்ல மருந்து இருந்தால் ஏழையும் வீட்டிலேயே குணமடைவான்' என்று சென்னை சொல்லிற்று. 'மருந்து இருந்தால் சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம்' என்று நிர்வாகிகள் புரிந்துகொண்டார்கள். மாத்திரையை எண்ணிக் கொடுப்பது சுலபம். அரிசி பருப்பைக் கொண்டு போய்ச் சேர்ப்பது கஷ்டம். சுலபமான பொருளைப் பிடித்துக்கொள்வது நிர்வாகத்தின் சுபாவம்.

மறந்துபோன பாதிக்கு அறுபது ஆண்டு கழித்து ஜார்க்கண்டில் விடை கிடைத்தது. 2019 முதல் 2022 வரை அங்கே 2,800 நோயாளிகளையும், அவர்கள் வீட்டிலிருந்த 10,345 பேரையும் வைத்து ஒரு பரிசோதனை நடந்தது. சேத்துப்பட்டு நிலையமே, இன்று தேசியக் க்ஷயரோக ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயருடன், அதிலும் பங்கு கொண்டது. நோயாளிகள் எல்லோருக்கும் மருந்தோடு, தினம் 52 கிராம் புரதம் தரும் உணவுப் பொருள்கள் மாதாமாதம் கிடைத்தன. முதல் இரண்டு மாதத்தில் எடை நூற்றுக்கு 5 பங்கு கூடியவர்களுக்கு மரண ஆபத்து நூற்றுக்கு 61 பங்கு குறைவாக இருந்தது. 39 கிலோத் தொழிலாளிக்கு 5 பங்கு என்றால் இரண்டு கிலோ. இரண்டே கிலோ!

அதைவிட முக்கியமானது வீட்டிலிருந்தவர்களின் கதை. பாதி வீடுகளில் மற்றவர்களுக்கும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, சில சத்து மாத்திரைகள். குழந்தைகளுக்கு அதில் பாதி. மறுபாதி வீடுகளில் நோயாளிக்கு மட்டும். பருப்பு போன வீடுகளில் புதிதாக க்ஷயம் வந்தது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. 2023-ல் இது 'லான்ஸெட்' பத்திரிகையில் வெளியாயிற்று.

ஆவடிக்கு மேற்கே ஒரு நினைவு

இந்த 39-ன் மதிப்பை வேறெந்த ஊராரையும்விடத் திருவள்ளூர் ஜில்லாக்காரர்கள் நன்றாக உணர முடியும். ஆவடியிலிருந்து ரயில் மேற்கே போகும் திருவள்ளூர் வட்டாரத்தில், அப்போதைய செங்கற்பட்டு ஜில்லாவில், 1968-ல் உலகிலேயே மிகப் பெரிய பி.சி.ஜி. ஊசிப் பரிசோதனை தொடங்கியது. ஏறத்தாழ 3,60,000 மக்கள் வாழ்ந்த பகுதி. கையில் ட்யூபர்குலின் என்ற, கிருமியிலிருந்து பிரித்த புரதத்தைப் போட்டுத் தடிப்பை அளந்தார்கள். பி.சி.ஜி. போட்டார்கள். பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் க்ஷயத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதே முடிவு. கைக்குழந்தைகளை மூளைக் காய்ச்சல் போன்ற கடுமையான வகைகளிலிருந்து காப்பதால் பிறந்தவுடன் போடும் வழக்கம் மட்டும் தொடர்கிறது.

அதன் பிறகு பெரியவர்களுக்கென்று ஊசி எதுவும் வரவில்லை. கிருமியின் இரண்டு புரதங்களை ஒன்றாக ஒட்டிச் செய்த எம்-72 என்ற தடுப்பூசி, முந்திய பரிசோதனை ஒன்றில் ஏறத்தாழ பாதிப் பங்கு காப்பளித்தது. அதன் இறுதிக் கட்டப் பரிசோதனை 2024 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் ஆரம்பமாயிற்று. பலன் தெரிந்து, அனுமதி பெற்று, அம்பத்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். துவரம்பருப்புக்கு அனுமதி வேண்டியதில்லை.

பருப்புக் கணக்கு

2025-க்குள் க்ஷயத்தை ஒழிப்பது என்று மத்திய சர்க்கார் 2018-ல் அறிவித்திருந்தது. அந்த ஆண்டு வந்தது, போயிற்று. முன்னேற்றம் இல்லை என்று சொல்ல முடியாது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2015-ல் லட்சத்துக்கு 237 பேருக்கு வந்த நோய் 2024-ல் 187 பேருக்கு வந்தது. மரணம் லட்சத்துக்கு 28-லிருந்து 21 ஆயிற்று. ஆனால் இது இறக்கம், ஒழிப்பு அல்ல.

நோயாளிக்கு உணவுக்கென்று 2018 ஏப்ரல் முதல் மாதம் ரூ. 500 கொடுக்கப்பட்டு வந்தது. 2024 நவம்பர் முதல் அது ரூ. 1,000 ஆயிற்று, அதையும் மூவாயிரம் மூவாயிரமாக முன்பணமாகப் போட ஏற்பாடு. மிகவும் இளைத்தவர்களுக்கு முதல் இரண்டு மாதம் சத்து மாவும் உண்டு. நல்ல காரியம். ஆனால் நாலு பேர் உள்ள வீட்டில் ஒருவர் பெயருக்கு வரும் ஆயிரம் ரூபாய் அவர் தட்டுக்கு மட்டும் போகும் என்று நினைப்பவர்கள் ஏழைக் குடும்பத்தின் சமையலறையைப் பார்த்தறியாதவர்கள். சம்பாதிக்கிறவர் படுத்துவிட்டால் அந்தப் பணம் வாடகைக்கும் போகும். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு உணவுக் கூடை தருவது, தத்தெடுக்கும் தயாள குணமுள்ளவர்களைப் பொறுத்த விஷயமாக இருக்கிறது. தர்மவான் கிடைத்த தெருவில் கூடை வரும். அடுத்த தெருவில் வராது.

தமிழ்நாட்டிலோ கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி தயாராக இருக்கிறது. ரேஷன் கடை இல்லாத பேட்டை கிடையாது. அரிசி 2011 முதல் இலவசம். துவரம்பருப்பு 2007 முதல் சலுகை விலையில், கிலோ 30 ரூபாய்க்கு, கார்டுக்கு ஒரு கிலோ. இந்த ஒரு கிலோவை ஜார்க்கண்ட் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோத் துவரம்பருப்பில் புரதம் சுமார் 220 கிராம். நாலு பேர், முப்பது நாள் என்று வகுத்தால் ஆளுக்குத் தினம் இரண்டு கிராமுக்கும் குறைவு. ஜார்க்கண்டில் பெரியவர் ஒருவருக்குப் பருப்பு மூலம் மட்டும் கிடைத்தது பதினொரு கிராம். 55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்குத் தினம் வேண்டிய புரதம் சுமார் 46 கிராம். இதில் இரண்டு கிராம் எந்த மூலைக்கு? லைசின் இல்லாமல் நிற்கும் இயந்திரத்தை அது எவ்வளவு நேரம் ஓட்டும்?

இந்தக் கணக்கில் ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். 2012-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி தமிழ்நாட்டு க்ஷயரோகிகளில் நூற்றுக்கு 25 பேருக்கு நீரிழிவும் இருந்தது. இன்சுலின் என்ற புரதம் குறைந்தாலும், அதன் சொல்லை உடல் கேளாமற் போனாலும், தசை கரையும். கிருமியை எதிர்க்கும் சக்தியும் தளரும். அப்படிப்பட்டவர் வீட்டுக்கு அரிசியை மேலும் கொட்டினால் தீமையே. அவருக்கும் வேண்டியது பருப்பும் முட்டையும்தான். ஆகவே எப்படிப் பார்த்தாலும் கூட்ட வேண்டியது அரிசியை அல்ல.

பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரை, அம்பத்தூர் பட்டறைகளைச் சுற்றி, ஒரே அறையில் ஐந்தாறு பேராகத் தங்கி வேலை செய்யும் வெளி ராஜ்யத் தொழிலாளர்களுக்கு இந்த ஊர்க் கார்டும் கிடையாது. ஒருவர் இருமினால் ஐந்து பேர் அந்தக் காற்றைச் சுவாசிக்கிறார்கள். ஜார்க்கண்டில் 'வீட்டிலிருந்தவர்' என்று எண்ணப்பட்டவர்களுக்கு இங்கே சமமானவர்கள் இவர்களே. இவர்களில் சிலருக்குச் சொந்த ஊரும் ஜார்க்கண்டே.

க்ஷயம் கண்ட வீட்டின் கார்டுக்கு மட்டும், சிகிச்சை நடக்கும் ஆறு மாதத்துக்கு, ஒரு கிலோப் பருப்பை ஆறு கிலோ ஆக்கினால் சர்க்காருக்கு என்ன செலவாகும்? கார்டு இல்லாத அறைகளுக்கு எந்தக் கடையிலிருந்து கொடுக்கலாம்? அயப்பாக்கத்திலிருப்பவர்களைக் கேட்டால் ஒரு மாலைப் பொழுதுக்குள் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.